கோழிக்குஞ்சுக்குத் தொப்புள் உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஈப்போவை அடுத்த ஒரு தமிழ்ப்பள்ளியில் சொற்களின் வரலாறு பற்றி உரையாற்றச் சென்றிருந்தேன். தொப்புள் என்று இன்று நாம் வழங்கும் சொல்லுக்குப் பழைய இலக்கிய வடிவம் கொப்பூழ் என்பதை விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கோழிக்குஞ்சுக்குத் தொப்புள் உண்டா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியை அவனை அமரும்படி கைகாட்டினார். முட்டையிலிருந்து வருவதற்குத் தொப்புள் எதற்கு என்று எனக்கும் தோன்றியதால், நானும் புன்னகையோடு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிட்டேன்.

வீடு திரும்பிய பின்னர் அந்தச் சிரிப்பு என்னை உறுத்திற்று. விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "உண்டு, நன்றாகவே உண்டு" என்றார் அவர். அன்று தொடங்கிய படிப்பின் பயனே இக்கட்டுரை. நான் மொழியியல் கற்றவன், உயிரியலில் மாணவன். ஆயினும் அந்தச் சிறுவனின் வினாவுக்கு விடை சொல்வதற்கு உயிரியல் மட்டும் போதாது என்பதை விரைவில் கண்டுகொண்டேன். நாம் வழங்கும் சொற்களே அவ்விடையைப் பாதி மறைத்து வைத்திருக்கின்றன.

முதலில் முட்டை. நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில். லயத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நாட்டுக்கோழி இருந்தது. என் பாட்டி அடைவைக்கும் முட்டைகளை ஏழெட்டு நாள் கழித்து, இருட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பார். செந்நிறத்தில் நரம்பு ஓடியிருந்தால் முட்டை கோழியின் அடியில் மீண்டும் செல்லும். வெறுமையாகத் தெரிந்தால் அது கூமுட்டை என்று ஒதுக்கப்படும். அந்த நரம்புகளைச் சிலந்தியின் கால்கள் என்று நாங்கள் சொல்வோம். அவை குஞ்சின் உடலில் ஓடும் நரம்புகள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவை குஞ்சின் உடலுக்கு வெளியே, அதைச் சூழ்ந்திருக்கும் படலங்களில் ஓடும் இரத்தக் குழாய்கள்.

இங்கே நம் மொழி ஒரு தடையை வைத்திருக்கிறது. முட்டையின் நடுவே இருக்கும் மஞ்சள் உருண்டையை மஞ்சட்கரு என்றும், அதைச் சூழ்ந்த வழவழப்பான பொருளை வெண்கரு என்றும் சொல்கிறோம். வளரும் உயிருக்கும் கரு என்றே பெயர். எனவே மஞ்சட்கருதான் குஞ்சாகிறது என்று குழந்தை முடிவு செய்வதில் வியப்பில்லை. பெரியவர்களிலும் பலர் அவ்வாறே நம்புகின்றனர். உண்மையில் மஞ்சட்கரு உணவு. வெண்கரு நீரும் புரதமும் சேர்ந்த இன்னோர் உணவு. கரு என்பது மஞ்சளின் மேற்பரப்பில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்தில் காணப்படும் வெளிறிய ஒரு வட்டம் மட்டுமே. சமையலறையில் மஞ்சட்கரு என்னும் சொல்லை யாரும் மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டா. வகுப்பறையில் மட்டும் ஒருமுறையேனும் "இதன் பெயர் கரு, ஆனால் இது கருவன்று, கருவுக்கு உரிய உணவு" என்று சொல்லிவிடுதல் ஆசிரியரின் கடமை என்பேன்.

அடைகாக்கத் தொடங்கியபின் அந்தச் சிறு வட்டத்தின் ஒரு பகுதி குஞ்சின் உடலாகிறது. எஞ்சிய பகுதி உடலுக்கு வெளியே பரந்து நான்கு படலங்களாகிறது. இவற்றையே கருசூழ் படலங்கள் என்கிறோம். இவற்றை ஆக்குவது தாய்க்கோழியன்று, கருவே. தனக்கு வேண்டிய வீட்டைத் தன் உடலிலிருந்தே நெய்துகொள்கிறது. பிறக்கும்போது அவ்வீட்டை விட்டுவிடுகிறது.

முதலாவது மஞ்சளைச் சுற்றிப் படரும் கருவுணவுப்பை. இதன் சுவரில் இரத்தக் குழாய்கள் முளைத்து மஞ்சளைக் கரைத்து உடலுக்குள் கொண்டுசெல்கின்றன. மூன்றாம் நாளில் ஓட்டை உடைத்துப் பார்ப்பவருக்குச் செம்புள்ளியாகத் துடிக்கும் இதயம் தெரியும். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் முட்டைகளை ஒவ்வொரு நாளும் ஒன்றாக உடைத்து இதனைக் கண்டு எழுதிவைத்தார். 2,300 ஆண்டுகளுக்கு முன் அவர் கண்டதை இன்றும் எந்தப் பள்ளியிலும் காணலாம்.

அடுத்து, கருவின் தலைப்புறத்திலும் வாற்புறத்திலும் பக்கங்களிலும் மடிப்புகள் எழுகின்றன. அவை போர்வையின் ஓரங்களைப் போல முதுகின்மேல் வந்து ஒன்று கூடுகின்றன. மடிப்பு என்றால் இரண்டு அடுக்கு அல்லவா? உள்ளடுக்கு ஆம்னியான், வெளியடுக்கு கோரியான். ஆம்னியானுக்குள் நீர் நிறைகிறது. அந்நீரில் கரு மிதக்கிறது. உலர்வதில்லை, அதிர்ச்சியால் நசுங்குவதில்லை, படலத்தோடு ஒட்டிக்கொள்வதுமில்லை. கோழியின் ஆம்னியானில் இரத்தக் குழாய் இல்லை. ஆனால் மெல்லிய தசையிழைகள் உண்டு. அவை சுருங்கி விரிவதால், முதல் வாரத்திலிருந்தே கரு மெல்ல ஆட்டப்படுகிறது. ஓட்டுக்குள் ஒரு தூளி என்று இதனை என் நண்பர் சொன்னார். மொழியியலாளனாகிய எனக்கு அந்த உவமை தோன்றாமற் போயிற்றே என்று சற்றுப் பொறாமை கொண்டேன்.

நான்காவது அல்லன்டாயிஸ். இது குடலின் பின்பகுதியிலிருந்து சிறு பையாகப் புறப்படுகிறது. கருவின் சிறுநீரகக் கழிவு இதில் சேர்கிறது. அம்மட்டில் இதனைக் கழிவுத்தொட்டி என்று எண்ணிவிடக்கூடாது. இந்தப் பை பெருகிப் பெருகிக் கோரியானோடு ஒட்டி ஒன்றாகி, 12ஆம் நாளளவில் ஓட்டின் உட்புறம் முழுவதையும் மூடிவிடுகிறது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே வரும் உயிர்வளியை இந்த இணைந்த படலத்தின் இரத்தக் குழாய்கள் ஏற்றுக் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. குஞ்சுக்கு நுரையீரல் வேலைசெய்யும் நாள்வரை இதுவே நுரையீரல். குஞ்சின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பையும் இதுவே ஓட்டிலிருந்து அரித்து எடுத்துக் கொடுக்கிறது. பொரிந்த முட்டையின் ஓடு மெலிந்து எளிதில் நொறுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படலங்களுக்கும் ஈப்போவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை நம் மாணவர்களிற் பலர் அறியார். தோட்டத்தில் சில ஆண்டுகளில் ஒரு வாரத்துக்குள் லயத்துக் கோழிகள் அத்தனையும் மடிந்துபோகும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்துத் திருகும், காலையில் கூடையைத் திறந்தால் விறைத்துக் கிடக்கும். வெள்ளைக்கழிச்சல் என்பார் பாட்டி. இந்நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் கண்டறியப்பட்டது. ஆகவே உலகம் அதனை நியூகாசல் நோய் என்கிறது. இந்தியாவில் கண்டவர்கள் குமாவுன் மலையூர் ஒன்றின் பெயரால் ராணிக்கெட் நோய் என்றனர். ஊர்ப்பெயர்கள் நோயைப் பற்றி எதுவும் உரைப்பதில்லை. வெள்ளைக்கழிச்சல் என்னும் பெயரோ நோயைக் காட்டுகிறது.

இந்நோய்க்குரிய தடுப்பு மருந்தைச் செய்யும் பணியில் 1948இல் ஈப்போவில் நிறுவப்பட்ட கால்நடை ஆய்வுக் கழகத்துக்கு நெடிய பங்கு உண்டு. தீநுண்மம் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். அதற்கு வாய்ப்பான இடமாக அமைந்தவை இப்படலங்களே. 9 முதல் 11 நாள் அடைகாத்த முட்டையில், வலுக்குறைந்த தீநுண்மத்தை அல்லன்டாயிஸ் பைக்குள் ஊசியால் செலுத்துவர். சில நாளில் அந்தப் பையின் நீரில் அது கோடிக்கணக்கில் பெருகும். அந்நீரை எடுத்துப் பதப்படுத்தினால் மருந்து ஆயிற்று. கோழி அம்மைத் தீநுண்மத்தை 1931இல் அமெரிக்காவில் குட்பாஸ்சர், உட்ரஃப் ஆகியோர் கோரியானும் அல்லன்டாயிஸும் இணைந்த படலத்தின்மேல் வளர்த்துக் காட்டினர். வெண்புள்ளிகள் படலத்தில் எழுந்தன. மனிதர்க்குரிய சளிக்காய்ச்சல் தடுப்பு மருந்தின் பெரும்பகுதி இன்றும் முட்டையின் இதே பையில்தான் உருவாகிறது. 1980களில் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தார், ஆஸ்திரேலிய அறிஞர்களோடு சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கக்கூடிய வி4 என்னும் தீநுண்ம வகையைத் தீவனத்தில் கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் முறையை உருவாக்கினர். குளிர்பெட்டி இல்லாத இடங்களுக்கு அது பெரிய உதவி. என் பாட்டியின் கூடைக்கு அது எட்டவில்லை. அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இனி, இப்படலங்கள் யாருக்கெல்லாம் உண்டு என்பதைக் காண்போம். நம் மரபில் உயிர்களின் தோற்றத்தை நான்காகப் பகுத்தனர்: முட்டையிற் பிறப்பன அண்டசம், பையிற் பிறப்பன சராயுசம், நிலத்தைப் பிளந்து முளைப்பன உற்பிச்சம், வியர்வையிற் பிறப்பன சுவேதசம். இவற்றுள் சராயு என்னும் வடசொல் கருவைச் சூழ்ந்த படலத்தையும் பிறப்புக்குப் பின் வெளிவருவதையும் குறிக்கும். பாம்பு உரித்த சட்டைக்கும் அச்சொல் வழங்கும். படலத்தைக் கொண்டே ஒரு வகுப்புக்குப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ஆனால் கோட்டை அவர்கள் கிழித்த இடம் வேறு. முட்டையிடுவன ஒருபுறம், குட்டியீனுவன மறுபுறம் என்று பிரித்தனர். இன்றைய உயிரியல் அக்கோட்டை நகர்த்திவிட்டது.

தவளையும் முட்டையிடுகிறது, மீனும் இடுகிறது. ஆனால் அவற்றின் கருவுக்கு ஆம்னியான் இல்லை. நீருக்கு வெளியே அம்முட்டைகள் காய்ந்துவிடும். ஆகவே அவை நீரைத் தேடிச் செல்கின்றன. பல்லி, பாம்பு, ஆமை, முதலை, கோழி, மாடு, மனிதர் ஆகிய அனைத்துக்கும் ஆம்னியான் உண்டு. ஆக, கோழி தவளையின் பக்கத்தில் அன்று, நம் பக்கத்தில் நிற்கிறது. 1866இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இவ்வினத்துக்கு ஆம்னியானின் பெயரையே சூட்டினார். 31 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இப்படலங்களைப் பெற்ற உயிரினம் ஒன்று, கருவுக்கு வேண்டிய குளத்தை முட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டதால், நீர்நிலையை விட்டு நிலத்தின் உட்பகுதிக்குச் செல்ல முடிந்தது.

அவ்வழியில் வந்த பாலூட்டிகளிற் பெரும்பாலானவை ஓட்டைக் கைவிட்டுக் கருவைத் தம் உடலுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. படலங்களை மட்டும் கைவிடவில்லை. மனிதக் கருவிலும் அந்த நான்கும் உள்ளன, வேலைதான் மாறியிருக்கிறது. கருவுணவுப்பையில் மஞ்சள் இல்லை. ஆயினும் கருவின் முதல் இரத்த அணுக்கள் அதன் சுவரில்தான் உருவாகின்றன. பின்னாளில் விந்தாகவும் சினைமுட்டையாகவும் ஆகும் செல்களின் மூலங்களும் முதலில் அங்கேதான் காணப்படுகின்றன. கோரியான் விரல் போன்ற நீட்சிகளை விட்டுத் தாயின் கருப்பைச் சுவரில் ஊன்றி நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியாகிறது. கருவுற்றதைக் காட்டும் சோதனைப் பட்டையில் கோடு தோன்றச் செய்யும் சுரப்பும் இந்த வெளியடுக்கிலிருந்தே வருகிறது. அல்லன்டாயிஸ் சிறிய அளவில் நின்றுவிட்டாலும், அதனோடு சென்ற இரத்தக் குழாய்களே தொப்புள்கொடியின் குழாய்களாகின்றன: கழிவைக் கொண்டுசெல்லும் தமனிகள் 2, உணவும் உயிர்வளியும் கொண்டுவரும் சிரை 1.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். தமிழகத்துக்கும் நமக்கும் உள்ள உறவைத் தொப்புள்கொடி உறவு என்று மேடைகளில் பேசுகிறோம், நானும் பேசியிருக்கிறேன். தொப்புள்கொடியில் தாயின் இரத்தம் ஓடுவதில்லை. அதில் ஓடுவது முழுக்க முழுக்கக் குழந்தையின் இரத்தம். கொடியும் குழந்தை ஆக்கியதே. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் நஞ்சுக்கொடியில் மிக மெல்லிய சுவரின் இருபுறமும் நின்று, கலவாமலேயே கொடுத்து வாங்குகின்றன. உவமையை மேடையில் கையாள்வோர் இதனையும் கருதிப் பார்க்கலாம்.

மனிதக் கருவின் ஆம்னியானுக்கு நம் பெண்கள் வைத்த பெயர் பனிக்குடம். தோட்டத்தில் தண்ணீர்க்குடம் என்றும் சொல்வர். பனி என்றால் நம் மாணவர்களுக்குத் தொலைக்காட்சியில் காணும் வெண்பனிதான் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் பனி என்பது குளிர்ச்சியையும், துளிர்த்து வடியும் நீரையும், கண்ணீரையும் குறித்தது. கண் பனித்தது என்று இன்றும் எழுதுகிறோம். ஆகவே பனிக்குடம் என்பது நீர் நிறைந்த கலம் என்று பொருள்படும் அழகிய சொல். கிரேக்க மொழியிலும் ஆம்னியான் என்பதற்குப் பலியிட்ட விலங்கின் குருதியை ஏந்தும் கிண்ணம் என்று ஒரு பொருள் உண்டு; ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் சொல்லோடு இணைப்போரும் உளர். அல்லன்டாயிஸ் என்பதன் அடிச்சொல் கிரேக்கத்தில் இறைச்சியடைத்த குடலைக் குறிக்கும். அயல்மொழிக் கலைச்சொற்களும் ஒரு காலத்தில் அடுக்களையிலிருந்தும் பலிபீடத்திலிருந்தும் புறப்பட்டவையே.

நஞ்சு என்னும் சொல் சிக்கலானது. விடத்துக்கும் அதுவே பெயர். பிறப்புக்குப் பின் வெளிவருவதற்கும் அதுவே பெயர். கருப்பைக்குள் தங்கிவிட்டால் குருதிப்போக்கையும் காய்ச்சலையும் விளைவித்துத் தாயைக் கொல்லக்கூடியது என்பதால் அப்பெயர் என்று மருத்துவச்சிகள் விளக்குவர். அவ்விளக்கம் மருத்துவ உண்மையோடு பொருந்துகிறது. பெயர் அஞ்சுவது வெளிவராமல் தங்கிய நஞ்சையே. வேலைசெய்யும் ஒன்பது மாதமும் அதுவே குழந்தையின் நுரையீரலும் குடலும் சிறுநீரகமும் ஆகும். மாட்டினுடையதை இளங்கொடி என்போம். தமிழகத்துச் சிற்றூர்களில் அதனை வைக்கோலிலோ சாக்கிலோ கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவர். பால்வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. எங்கள் தோட்டத்தில் மாடு வளர்த்தோரும் காட்டோரத்து ஆலமரம் ஒன்றைத் தேடிச் சென்றனர். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் பால்மரங்கள் நின்றபோதும் ரப்பர் மரத்தில் ஒருவரும் கட்டியதை நான் கண்டதில்லை. அது துரையின் மரம் என்பதாலோ, குடிக்கும் பாலன்று என்பதாலோ!

மலாய்மொழியில் நஞ்சுக்கொடிக்கு உரி என்றும் தெம்புனி என்றும் பெயர். உரியைக் கழுவித் துணியில் சுற்றி மண்ணில் புதைப்பது மலாய்க் குடும்பங்களின் வழக்கம். தமிழில் உரி என்பது உரிக்கப்பட்ட தோல். எனவே இரண்டும் ஒன்று என்று துள்ள வேண்டா. ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது என்பதே மாணவர்க்கு நான் முப்பது ஆண்டுகள் கற்பித்த முதற்பாடம்.

சொற்களை அறிந்திருப்பது ஏட்டளவில் நிற்கும் காரியம் அன்று. 1970களில் என் அத்தை மகளைப் பேறுகாலத்தில் தோட்டத்து லாரியில் நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தாதி அவரிடம் கெத்துபான் எப்போது உடைந்தது என்று மலாயில் கேட்டார். அத்தை மகளுக்குக் கெத்துபான் விளங்கவில்லை. உடன் சென்ற எனக்கும் விளங்கவில்லை. தண்ணீர்க்குடம் முந்தின நாள் இரவே உடைந்துவிட்டதென்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பனிக்குடம் உடைந்தபின் நேரம் செல்லச் செல்ல நோய்த்தொற்று உள்ளே ஏறும் இடர் மிகுகிறது. ஆதலால் அந்த ஒரு விடை மருத்துவருக்கு இன்றியமையாதது. வேறொரு நோயாளியின் தாயார் இருமொழியும் அறிந்தவராக இருந்ததால் அன்று தாயும் சேயும் பிழைத்தனர். நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். இலக்கணம் அறிந்திருந்தேன், இந்தச் சொல்லை அறிந்திருக்கவில்லை.

இன்று நம் குழந்தைகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்குகின்றனர். 2003 முதல் சில ஆண்டுகள் அது ஆங்கிலத்தில் இருந்து, பின்னர் மீண்டும் தமிழுக்குத் திரும்பியது. இடைநிலைப்பள்ளியில் அவர்கள் மலாய்ச் சொற்களையும் மேற்படிப்பில் ஆங்கிலச் சொற்களையும் எதிர்கொள்கின்றனர். மூன்று மொழிகளிலும் ஒரே பொருளைக் கண்டுகொள்ள வேண்டுமாயின், முதல் மொழியில் அப்பொருள் தெளிவாக இருந்திருக்க வேண்டும். ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் அல்லன்டாயிஸுக்குக் கழிவுப்பை என்று பெயரிடலாம் என ஒருவர் முன்மொழிந்தார். நான் மறுத்தேன். மூச்சுக்கு உதவும் படலத்தின் பெயரில் கழிவை மட்டும் ஏற்றினால், மஞ்சட்கருவில் நேர்ந்த குழப்பமே மீண்டும் நேரும். அதற்கும் கோரியானுக்கும் கடன்சொல்லே போதும். ஆம்னியானுக்கோ நம்மிடம் சொல் உள்ளது. அதனை மனிதர்க்கு மட்டும் ஒதுக்கிவைக்காமல், கோழிக்கும் பனிக்குடம், ஆமைக்கும் பனிக்குடம் என்று வகுப்பில் துணிந்து சொல்லவேண்டும். அப்போதுதான் முட்டைக்குள்ளும் கருப்பைக்குள்ளும் இருப்பது ஒன்றே என்பது சொல்லிலேயே விளங்கும்.

அந்தச் சிறுவனுக்கு நான் தர வேண்டிய விடை இன்னும் முடியவில்லை. 21 நாளில் குஞ்சு வெளிவருகிறது. அதற்கு ஓரிரு நாள் முன்னர், மஞ்சள் எஞ்சியிருக்கும் கருவுணவுப்பை முழுவதும் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அந்த உணவின் துணையால்தான் பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனியின்றித் தாங்குகிறது. ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியிலிட்டுத் தொலைவூர்களுக்கு அனுப்புவதும் அதனால்தான். இதற்கிடையில் குஞ்சு முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சை இழுக்கிறது. நுரையீரல் வேலையை ஏற்றபின், ஓட்டோடு ஒட்டிய படலத்தில் இரத்த ஓட்டம் தளர்ந்து நிற்கிறது. பை உள்ளே சென்ற வழி மூடிக்கொள்கிறது. மூடிய இடமே தொப்புள். பொரித்த அன்று குஞ்சின் அடிவயிற்றுத் தூவியை மெல்ல ஊதி விலக்கினால் ஒரு சிறு வடு தெரியும். அது சரிவர மூடாவிடில் சீழ்பிடித்துக் குஞ்சு இறக்கும் என்பதைக் கோழிப்பண்ணைக்காரர்கள் நன்கறிவர்.

குஞ்சு விட்டுச்சென்ற ஓட்டையும் எடுத்துப் பாருங்கள். உட்புறத்தில் உலர்ந்த செந்நிற இழைகள் படர்ந்த மெல்லிய தோலும், அடியில் சுண்ணாம்புபோல் வெண்மையான கழிவும் இருக்கும். என் பாட்டி அதனைச் சாம்பலோடு வாரி வாழையடியில் கொட்டுவார். அந்தத் தோல்தான் குஞ்சின் நஞ்சு.